நாற்பது நிமிட வேலை

ரிப்பேருக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவருகிற எவரும் முதலில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நான் எதையும் தொடவில்லை, அதுவாக நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறுத்துப் பேசுவதில்லை. ஆமாம், சில நேரம் அப்படி ஆவதுண்டு என்று சொல்லிவிட்டு மூடியின் நாலு திருகாணியையும் கழற்றத் தொடங்குவேன். உள்ளே காபி கொட்டிய கறை இருக்கும், பூனை முடி இருக்கும், தப்பான இடத்தில் செருகிய ஒயர் இருக்கும். யார் எதைத் தொட்டார்கள் என்பது பெட்டிக்குள்ளேயே இருக்கும்போது ஆளிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது.

ஆகவே காவல் ஆய்வாளரே, நான் எதையும் தொடவில்லை என்று இதில் எழுதப்போவதில்லை. நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். கையெழுத்து சுமாராகத்தான் இருக்கும். களைப்பாக இருக்கிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இது நேற்றைய களைப்பு அல்ல.

பெயர் லூபென் சான்கோவ். வயது அறுபத்துமூன்று. கடை லோம் ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே, பூட்டுக்காரன் கஞ்சோவின் கடைக்கு அடுத்த கதவு. கடையில் இரண்டு வேலை பார்க்கிறேன். ஒன்று கம்ப்யூட்டர் ரிப்பேர். இன்னொன்று இறந்தவர்களுக்கான அஞ்சலி நோட்டீஸ் அச்சடிப்பது. நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தான், உங்களுக்கே தெரியும். ஆள் போனதும் ஒன்று, நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு, ஒரு வருடத்துக்கு, மூன்று வருடத்துக்கு என்று படம் போட்டு அடித்து வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ரொட்டிக் கடைச் சுவரிலும் ஒட்டுவார்கள். இளசுகள் எல்லாம் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போய்விட்ட ஊரில் எந்த வேலை சோறு போடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டீஸ் வேலையில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. கீழே, "துயரத்தில் இருப்போர்" என்று குடும்பத்தார் பெயர்களைப் போடுவோம் இல்லையா, அதில் நான் தவறியதே இல்லை. அடுத்த வருட நோட்டீஸுக்கு வருகிறவர்கள் பழையதையே நீட்டி, இதையே போடு, வருடத்தை மட்டும் மாற்று என்பார்கள். அப்படியே போட்டால் இடைப்பட்ட காலத்தில் இறந்துபோன யாராவது ஒருவர் துக்கப்படுகிறவர்களின் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். அதைவிட ஒரு வீட்டுக்கு அவமானம் வேறில்லை. நான் ஒவ்வொரு பெயராகப் பார்த்து, போனவர்களை எடுத்துவிடுவேன். இருபத்திரண்டு வருடத்தில் என் நோட்டீஸில் ஒரு செத்தவன்கூட அழுததில்லை. கை தானாகவே செய்துவிடும் அளவுக்குப் பழகிப்போன வேலை இது.

நெவேனா டீச்சர் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது அக்டோபரில், ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் மெத்தோடி இறந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அவருக்கான நோட்டீஸ் எல்லாம் நான் அடித்ததுதான். பெட்டியைக் காய்கறி வண்டியில் வைத்துக் கம்பளி போர்த்தி இழுத்துக்கொண்டு வந்தார்.

"நான் ஒண்ணையும் தொடல மாஸ்டர். ஏதோ புதுசு வந்திருக்கு, போடட்டுமான்னு கேட்டுச்சு. எது கேட்டாலும் சரின்னு அமுக்கும்மான்னு யாசென் சொல்லி வச்சிருக்கான். அமுக்கினேன். பாதியில இடி இடிச்சுது."

"பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?"

"இடி இடிச்சா பிடுங்காம? நீங்க பிடுங்க மாட்டீங்களா?"

நானும் பிடுங்குவேன். எங்கள் ஊரில் வானம் உறுமினால் டிவி, ஃபிரிட்ஜ், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் ஜன்னலைச் சாத்துவோம். ஆனால் மதர்போர்டு தன் ஃபர்ம்வேரைத் தானே மாற்றி எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைச் செய்யக் கூடாது. பாதி எழுதியதோடு நின்றுவிட்டால், தான் யார் என்பதே அதற்குத் தெரியாமல் போய்விடும்.

"இதுக்குள்ளதான் என் புள்ள இருக்கான் மாஸ்டர்," என்றார் டீச்சர். "பாத்து செய்யுங்க."

யாசென் அவருடைய ஒரே மகன். பிரெமென் நகரத்தில் ஏதோ கிடங்கில் வேலை. அப்பாவும் அவனும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள், சாவுக்கும் அவன் வரவில்லை. அதற்காக டீச்சர் போனில் அவனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். அதற்குப் பிறகு அவன் நம்பரை மாற்றிவிட்டான், வீட்டையும் மாற்றிவிட்டான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் நாலு வரி எழுதுவான், இவரும் எழுதுவார். எழுதும்போது அழுகைச் சத்தம் கேட்காது, அதனால் எழுதுகிறான் என்று டீச்சர் சொன்னார். டீச்சரிடம் இருந்தது பட்டன் போன். கடவுச்சொல் எதுவும் தெரியாது, எல்லாம் அவன் போட்டுக் கொடுத்தது. அவருக்கும் மகனுக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்த ஒரு பெட்டிதான். வியாழக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன். பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே கிடந்தது. மெமரியைக் கழற்றிவிட்டு அழுத்தினேன். மெமரி இல்லாவிட்டால் போர்டு பீப் பீப் என்று கத்த வேண்டும், கத்தவில்லை. வட்டப் பேட்டரியைக் கழற்றிக் கால்மணி நேரம் வைத்திருந்து திரும்பப் போட்டேன், மாற்றமில்லை. பிறகு ஓரத்தில் இருக்கும் எட்டுக்கால் சிப்பில் கிளிப்பை மாட்டி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். முக்கால்வாசி புதிய எழுத்து, அதற்குமேல் ஒன்றுமில்லை. டீச்சர் பிளக்கைப் பிடுங்கிய இடம் துல்லியமாகத் தெரிந்தது. அந்த போர்டுக்கே உரிய எண்கள் இருந்த பகுதியைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, சுத்தமான கோப்பை இறக்கி எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அழுத்தினேன், படம் வந்தது.

டிஸ்க்குக்கு யாசென் பூட்டுப் போட்டிருந்தான். போர்டு மாறியதாக நினைத்து அது நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. அந்த எண்ணை அவனே ஒரு காகிதத்தில் எழுதி மூடியின் உட்புறம் டேப் போட்டு ஒட்டியிருந்தான். அதன் கீழே, "அம்மா, இதை மாஸ்டரிடம் மட்டும் காட்டு" என்று இருந்தது. போட்டேன், திறந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். அன்று திங்கட்கிழமை, சாயங்காலம் ஆறு மணிகூட ஆகவில்லை.

வியாழக்கிழமை டீச்சர் மாவுத் தாளில் பூசணிக்காய் வைத்துச் சுருட்டி பனிட்சா சுட்டுக்கொண்டு வந்தார். தட்டில் சூடு இருந்தது. வாசலில் கால் துடைத்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். என் கடையில் யாரும் கோட்டைக் கழற்றுவதில்லை, நின்றுகொண்டே பேசிவிட்டுப் போய்விடுவார்கள். என் மனைவி தீன்கா பதினோரு வருடத்துக்கு முன்னால் எதிரே இருக்கிற நிலையத்திலிருந்து சனிக்கிழமை பஸ் ஏறி இத்தாலிக்குப் போனாள். மூன்று மாதம், ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றாள். அவளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த ஆணி அவள் கோட்டுக்கு அடித்தது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

டீச்சர் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். டான்யூபில் தண்ணீர் இறங்கியது பற்றி, பள்ளியில் இனி ஏழாம் வகுப்பே இல்லை என்பது பற்றி. பெட்டி ரெடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னும் ஒரு வாரம் பாக்கணும் டீச்சர்," என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அதற்குமேல் நடந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றச் செய்ததுதான்.

பெட்டி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா, அதற்காக அதை ஓடவிட்டேன். திரையில் செய்தி ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது. யாசெனிடமிருந்து மூன்று செய்திகள். அம்மா எங்கே போனே. அம்மா இன்னும் கோபமா. அம்மா ஒரு வார்த்தை எழுது. ஒரு பிள்ளை அப்படித் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "நல்லா இருக்கேன், பெட்டி ரிப்பேர்ல இருந்துச்சு" என்று டீச்சர் எழுதுவதுபோல எழுதினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. போன் பண்ணட்டுமா என்று கேட்டான். நாலு மாதம் கழித்துப் பண்ணு, உன் குரலைக் கேட்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை என்று எழுதினேன். அவனுடைய புது நம்பரை நான் கேட்காமல் விட்டதற்கு அதுதான் காரணம்.

டீச்சருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. போர்டு பத்து நிமிடம் விழித்துக்கொள்கிறது, அப்புறம் செத்துவிடுகிறது என்று சொன்னேன். அந்தப் பத்து நிமிடத்தில் யாசென் எழுதியதை நான் பிடித்து அச்சடித்துத் தருகிறேன், நீங்கள் சொல்வதை அனுப்பிவிடுகிறேன் என்றேன். புதுப் பெட்டி வாங்கட்டுமா என்று கேட்டார். பூட்டு இந்த போர்டோடு போட்டது டீச்சர், வேறு எதிலும் திறக்காது என்றேன். மூடிக்குள் இருந்த காகிதத்தை அதற்குள் உரித்து எடுத்திருந்தேன்.

வாராவாரம் ஒரு கோளாறு சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வாரம் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறது, அடுத்த வாரம் மெமரி ஸ்லாட், அதற்கடுத்து பவர் சப்ளை. டீச்சர் எல்லாவற்றையும் பாடம் மாதிரிக் கற்றுக்கொண்டார். உள்ளே வரும்போதே கேட்பார்.

"கெப்பாசிட்டர் வந்துச்சா மாஸ்டர்?"

"சோஃபியாவுல இருந்து கிளம்பிடுச்சாம் டீச்சர்."

"எல்லாம் கிளம்பித்தான் இருக்கு, ஒண்ணும் வந்து சேரல. என் புள்ள மாதிரியே."

நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக வியாழக்கிழமை காலையில் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தேன். கஞ்சோ கண்டுபிடித்துவிட்டான்.

"டேய் லூபென், இன்னைக்கு வியாழக்கிழமைன்னு உன் மூஞ்சியே சொல்லுதுடா," என்றான். "அந்தப் பெட்டி மட்டும் சரியாயிடுச்சு, உனக்குப் பனிட்சா கட்! தெரிஞ்சுக்க."

"போடா, போய்ப் பூட்டைப் பாரு," என்றேன். அவனுக்கு எதுவும் தெரியாது. அவனை விசாரித்துத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

டீச்சர் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். "வந்துடு யாசென். அப்பா போயிட்டாரு, கோபமும் அவரோட போயிடட்டும். உன் ரூமை வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்." இதை அப்படியே அனுப்ப முடியாது என்று உங்களுக்கே புரியும். அனுப்பினால் அவன் வந்துவிடுவான். "ரூம் வெள்ளையடித்தாகிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்" என்று அனுப்பினேன். சுருக்கினேனே தவிர மாற்றவில்லை.

நவம்பர் கடைசியில் அவன் உடம்பு சரியில்லை என்று எழுதினான். கணையத்தில் புற்று என்றான். டிசம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதினான். "அம்மா, பயப்படாதே, ஆனா வா. லோம்ல இருந்து சனிக்கிழமை பஸ் இருக்கு, எங்க ஸ்டேஷனுக்கே வரும். ஸ்பாஸ் வந்து உன்னைக் கூட்டிக்கிட்டு வருவான்." ஸ்பாஸ் அவனோடு அறையில் இருந்தவன், நம் ஊர்ப் பக்கத்துப் பையன்.

இந்த இடத்தை நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் ஒரே பதில்தான் சொன்னேன். டீச்சருக்கு வயது அறுபத்தாறு. முழங்கால் வலி. முப்பது மணி நேரப் பஸ். போய்ப் பார்ப்பதற்கோ பிள்ளை நாற்பது கிலோவாக இருக்கிறான். எந்தத் தாய்க்கு இதைக் காட்டத் தோன்றும்? அந்தப் பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை, அதுவும் உண்மை. கடை ஜன்னலிலிருந்து பார்த்தால் அது புறப்படுவது தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்க்கிறேன்.

"கால் முடியல யாசென், வசந்தத்துல வர்றேன்" என்று எழுதினேன்.

அவன் மறுபடி எழுதினான். வசந்தம் வரைக்கும் தாங்காதும்மா என்று. அதற்கு நான் உடனே பதில் போடவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். நான் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் இல்லை. பிறகு எழுதினேன், நீ அப்பாவின் சாவுக்கு வரவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் என்னைக் கட்டாயப்படுத்தாதே என்று. கொஞ்சம் கடுமைதான். ஆனால் டீச்சர் கோபத்தில் எழுதினால் அப்படித்தான் எழுதுவார், பழைய செய்திகளைப் படித்துத்தான் எழுதினேன். அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. "சரிம்மா" என்று மட்டும் பதில் வந்தது. அந்த வியாழக்கிழமை டீச்சரிடம் கொடுத்த தாளில், அவன் கிறிஸ்துமஸ் மரம் வாங்கியிருப்பதாக இருந்தது.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி ஸ்பாஸ் எழுதினான். கடைசிவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தான் டீச்சர், மன்னிச்சிருங்க என்று எழுதியிருந்தான். அந்தப் பையன் எதற்கு மன்னிப்புக் கேட்டான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. உடலை ஊருக்கு அனுப்பவா, அங்கேயே எரிக்கவா என்றும் கேட்டிருந்தான். அந்த ஊர் அலுவலகத்தின் படிவம் ஒன்றும் வந்தது, தாய் கையெழுத்துப் போட வேண்டும். மெத்தோடியின் நோட்டீஸுக்காக டீச்சர் எழுதிக்கொடுத்த தாள்கள் என் கோப்பில் இருந்தன. அதிலிருந்த கையெழுத்தைப் பார்த்து, அங்கேயே எரித்துவிடச் சொல்லிப் போட்டேன். உங்கள் கையில் இருப்பது அந்தப் படிவம்தான். வேறு வழக்கு எதுவும் என்மேல் போட முடியாது என்று உங்கள் வக்கீல் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இதையாவது முழுசாக எழுதிவிடுகிறேன்: ஆமாம், நான்தான் போட்டேன்.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். டீச்சர் வந்தார், கோட்டைக் கழற்றினார், கையைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்.

"என்ன எழுதியிருக்கான் என் ராஜா?"

அவர் அப்படிக் கேட்டபோது தாள் என் கையில்தான் இருந்தது. முந்தின நாளே நான் எழுதி வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று சொல்ல வேண்டும். உண்மையான யாசென் நாலு வரிக்குமேல் எழுதமாட்டான், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டான். என்னுடையவன் முழங்காலைப் பற்றி விசாரித்தான், சின்ன வயதில் டான்யூபில் மீன் பிடித்ததை நினைவுபடுத்தினான், வேறு வேலை தேடிக்கொண்டான், சீட்டியடிக்கிற ஒரு கிழவரோடு நட்பாக இருந்தான்.

"முன்ன மாதிரி இல்ல மாஸ்டர்," என்று ஒருநாள் டீச்சர் சொன்னார். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "மனுசனாயிட்டான். இப்பத்தான் எனக்குப் புள்ள பொறந்த மாதிரி இருக்கு."

வாழ்க்கையில் என் வேலையை அதைவிட யாரும் பாராட்டியதில்லை. ஒரு காசு அவரிடம் வாங்கியதில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் முதல் தேதி சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த மார்ட்டெனிட்சா நூல் கொண்டுவந்து என் மணிக்கட்டில் கட்டிவிட்டார். ஆயுள் கெட்டியாக இருக்கட்டும் என்று எல்லோருக்கும் கட்டுவதுதான், இருந்தாலும் எனக்குக் கட்டி நாளாகிவிட்டது. இன்னொன்றை உறையில் போட்டுக் கொடுத்தார்.

"இது அவனுக்கு. புது விலாசம் உங்ககிட்டதானே இருக்கு, தபால்ல போட்டுருங்க."

எந்த விலாசத்துக்குப் போடுவது? வீணாக்க மனசு வரவில்லை, நானே கட்டிக்கொண்டேன். ஒரே கையில் இரண்டு நூலைப் பார்த்துவிட்டு, உனக்கு என்னடா இரட்டை ஆயுளா என்று கஞ்சோ கேட்டான். நாரையைப் பார்க்கும்வரை கட்டியிருந்து, பிறகு பூத்த மரத்தில் கட்டிவிட வேண்டும். இரண்டையும் பஸ் நிலையத்து பிளம்ஸ் மரத்தில் முறையாகக் கட்டினேன்.

ஏப்ரலில் மெத்தோடிக்கு மூன்று வருடம். டீச்சர் போன வருட நோட்டீஸை நீட்டினார்.

"இதேதான் மாஸ்டர். ரெண்டை மூணாக்கிடுங்க, போதும்."

ஆறு பிரதி அடித்து, சுருட்டி, ரப்பர் போட்டுக் கொடுத்தேன். அன்று வியாழக்கிழமை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால் அவர் படித்துப் பார்க்கவில்லை. பாதி வழி நானும் கூடப் போனேன், பஸ் நிறுத்தத்தில் ஒட்டுவதற்கு உயரம் எட்டாது என்பதால் நானே ஒட்டிக்கொடுத்தேன். என் கண்ணெதிரே, என் கையாலேயே ஒட்டினேன். அப்போதும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை டீச்சர் வந்தார். வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அவர் வருவதில்லை. கோட்டைக் கழற்றவில்லை.

"மாஸ்டர், யாசென் பேரு இல்ல."

மேசைமேல் தாளை விரித்தார். துயரத்தில் இருப்போர்: மனைவி நெவேனா, தங்கை, தங்கை பிள்ளைகள். முதல் வரியில் மனைவிக்குப் பக்கத்தில் இருந்த "மகன் யாசென்" இல்லை. அந்த இடைவெளிகூடத் தெரியாதபடி வரியை இழுத்துச் சரிபண்ணியிருந்தேன். எப்போது எடுத்தேன் என்று எனக்கு நினைவே இல்லை. நான் ஏற்கெனவே சொன்னேன், கை தானாகச் செய்கிற வேலை அது.

"கைத்தவறு டீச்சர். இப்பவே வேற அடிச்சுத் தர்றேன்," என்றேன்.

"உங்களுக்கா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பையன் சொன்ன பதிலைச் சரிபார்க்கிற மாதிரித்தான் கேட்டார். "கோரானோவ் வீட்டு மருமகன் மாட்ரிட்ல செத்தது அந்த வீட்டுக்காரங்களுக்கே ஞாபகமில்ல, நீங்க எடுத்துக் கொடுத்தீங்க. தவறா ஒரு பேரை நீங்க எடுக்க மாட்டீங்க மாஸ்டர். நீங்க எடுத்தா அவங்க இல்லேன்னுதான் அர்த்தம்."

அவர் அலமாரிப் பக்கம் போனார். ஆறு மாதமாக அங்கேதான் அந்தப் பெட்டி இருந்தது, கம்பளி போர்த்தி. கம்பளியை எடுத்தார். அதன் பட்டனை அவர் தொட்டதே இல்லை, தொட்டால் போர்டு கெட்டுவிடும் என்று சொல்லி வைத்திருந்தேன். அழுத்தினார். பத்தாவது நொடியில் படம் வந்தது. அவரும் மெத்தோடியும் சின்ன யாசெனும் படகில் நிற்கிற படம். ஃபர்ம்வேர் வேலையை நான் எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவர் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். நான் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன், உட்காரவில்லை. காபி போட்டேன், இரண்டு கப். குடிக்கவில்லை. கஞ்சோ சாவி கேட்டு உள்ளே வந்தவன், வந்த வழியே வெளியே போய்விட்டான். அம்மா என்ற சொல்லை டீச்சர் விரலால் தொட்டுத் தொட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். பதில்கள் வரும் இடத்தில், அவர் எழுதாத அவருடைய வரிகளில், விரல் நின்று நின்று போனது. "என்னைக் கட்டாயப்படுத்தாதே" என்பதில் ரொம்ப நேரம் நின்றது. "சரிம்மா" என்பதில் அதைவிட அதிக நேரம்.

அழுவார் என்று நினைத்தேன், அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே?"

"ஆமா டீச்சர்."

"அப்ப நாளைக்கு பஸ் இருக்கு," என்றார்.

போய்விட்டார். மறுநாள் ஜன்னலிலிருந்து பார்த்தேன், மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்திருந்தார், மடியில் கைப்பை. அந்தக் கைப்பையில் நான் எழுதிய தாள்கள் எல்லாம் இருந்திருக்கும். கிழித்துப் போட்டுவிடாமல் இருந்தால் நல்லது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டேஷனில் யார் வந்து அவரைக் கூட்டிப்போயிருப்பார்கள் என்பது என் கவலை. முழங்கால் வேறு.

புகார் அங்கிருந்துதான் வந்தது என்று சொன்னீர்கள். நியாயம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். பெட்டியை அந்தத் திங்கட்கிழமையே கொடுத்திருந்தால் ஜனவரியிலேயே அவருக்குப் பிள்ளை இல்லாமல் போயிருப்பான். நான் அவருக்கு மூன்று மாதம் கூடுதலாகக் கொடுத்தேன், அதுவும் முன்னைவிட நல்ல பிள்ளையாக. இதைப் பெரிதாகச் சொல்லிக் காட்ட வேண்டாம், வாக்குமூலத்தில் இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடையில் என் மேசையின் இடதுபக்கக் கீழ் டிராயரில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. யாசெனுடைய நோட்டீஸ், ஆறு பிரதி. செய்தி வந்த மறுநாளே, ஜனவரி இருபதாம் தேதி, அடித்து வைத்துவிட்டேன். படகுப் படத்திலிருந்து முகத்தைப் பெரிதாக்கிப் போட்டேன், தெளிவாக வந்திருக்கிறது. நாற்பதாம் நாளுக்கு ஒட்டியிருக்க வேண்டும், முடியாமல் போய்விட்டது. ஆறாவது மாதம் ஜூலை பத்தொன்பதில் வருகிறது, அதற்காவது டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள், தலைப்பை மட்டும் மாற்றினால் போதும். பெயர்களை மாற்ற வேண்டியதில்லை, நான் நாலு தடவை சரிபார்த்துவிட்டேன். துயரத்தில் இருப்போர் என்ற இடத்தில் முதலில் தாய் நெவேனா. அதற்கு அடுத்து, அதே வரியில், லூபென். இந்த முறை நான் யாரையும் விட்டுவிடவில்லை.